6 சிலிண்டர் பழைய காருக்கு 2 கார்ப்பரேட்டர்: பவர் கூடுமா, தலைவலி கூடுமா? முழு விளக்கம்

தேனி மாவட்டம் மயிலாடும்பாறையிலிருந்து வருசநாடு போகிற ரோட்டில் இன்னைக்கும் பழைய ஜீப்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். போடி, கம்பம் பக்கம் போனால் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள். பழைய இன்ஜினை வைத்து மலையேறுவது இந்தப் பகுதி மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை.

அந்த ஜீப்புகளில் பெரும்பாலானவை நாலு சிலிண்டர். ஆனால் சில வீடுகளில் தாத்தா காலத்து ஷெவர்லே, டாட்ஜ், பிளைமவுத் மாதிரி ஆறு சிலிண்டர் கார்கள் ஷெட்டில் தூசி படிந்து நிற்கும். அதை மறுபடியும் ஓட வைக்கணும்னு பேச்சு வந்தாலே, கூடவே ஒரு யோசனையும் வரும்: "இதுக்கு ரெண்டு கார்ப்பரேட்டர் போட்டா சும்மா பறக்கும்!"

உண்மையிலேயே பறக்குமா? இன்ஜினுக்கு ஆபத்து இல்லையா? ஆர்.சி. புக்கில் சிக்கல் வருமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார்ப்பரேட்டர் என்ன செய்கிறது?

இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பழைய கார்களில் அந்த வேலையைச் செய்தது கார்ப்பரேட்டர்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று கார்ப்பரேட்டரில் உள்ள ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும். கழுத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இழுப்பில், பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் 'ஜெட்' என்ற சின்னத் துளை வழியாக மேலேறி, காற்றோடு கலந்து உள்ளே போகும். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திறப்பது பெட்ரோல் குழாய் அல்ல, காற்றின் கதவு. காற்று கூடினால் பெட்ரோல் தானாகக் கூடும்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் அது 'ரிச்'. கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். பெட்ரோல் குறைந்தால் 'லீன்'. இன்ஜின் சூடேறும், இழுவை குறையும், வால்வு கருகும்.

ஆறு சிலிண்டருக்கு ஒரு கார்ப்பரேட்டர்: என்ன குறை?

இதைப் புரிந்துகொள்ள கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் கேட்டாலே போதும். ஒரு மதகு, ஒரு நீளமான வாய்க்கால். மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் தாராளமாகப் பாயும். கடைமடைக்குப் போகும்போது இழுபறிதான்.

ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் இருக்கும் இன்ஜின் நீளமானது. நடுவில் ஒரே ஒரு கார்ப்பரேட்டர் இருந்தால், நடுவில் உள்ள 3, 4-ம் சிலிண்டர்கள் தலைமடை. ஓரத்தில் உள்ள 1, 6-ம் சிலிண்டர்கள் கடைமடை. காற்று எளிதாக வளைந்து போய்விடும். ஆனால் பெட்ரோல் துளிகளுக்கு எடை உண்டு. வளைவில் அவை குழாய்ச் சுவரில் ஒட்டி ஈரப்படலமாகி விடும். அதனால் எல்லா சிலிண்டருக்கும் ஒரே கலவை கிடைக்காது.

கடைசி சிலிண்டர் லீன் ஆகாமல் இருக்க, பழைய மெக்கானிக்குகள் மொத்தமாகவே கொஞ்சம் ரிச்சாக வைப்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போகணும்னு மதகை அதிகமாகத் திறக்கிற கதை. அங்கேதான் மைலேஜ் போகிறது.

அப்போ ரெண்டு மதகு வைத்தால்?

அதுதான் இரட்டை கார்ப்பரேட்டரின் அடிப்படை யோசனை. முன்பக்கம் உள்ள 1, 2, 3-க்கு ஒன்று. பின்பக்கம் உள்ள 4, 5, 6-க்கு ஒன்று. வாய்க்கால் நீளம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதில் இன்னொரு அழகான கணக்கும் இருக்கிறது. இந்தப் பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் வழக்கமாக 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிக்கும். இதைக் கவனித்துப் பாருங்கள். 1 முன்பக்கம், 5 பின்பக்கம், 3 முன்பக்கம், 6 பின்பக்கம், 2 முன்பக்கம், 4 பின்பக்கம். ஒன்று விட்டு ஒன்று!

கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றுவதற்குள் ஆறு சிலிண்டரும் ஒரு முறை காற்றை இழுத்து முடிக்கும். 120 டிகிரிக்கு ஒரு இழுப்பு. அதை இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு கார்ப்பரேட்டருக்கும் 240 டிகிரிக்கு ஒரு இழுப்பு. சீராக, ஒன்றோடு ஒன்று மோதாமல். இந்த இன்ஜினுக்கு இரண்டு கார்ப்பரேட்டர் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம்.

ஆக, கூடுதல் பெட்ரோல் ஊற்றுவது இதன் நோக்கம் இல்லை. ஆறு பேருக்கும் சமமாகப் பங்கு பிரிப்பதுதான் நோக்கம். இதை மறந்தால் மீதி எல்லாமே தப்பாகப் போகும்.

இதை முன்னாடி யாராவது செய்திருக்கிறார்களா?

கம்பெனிகளே செய்திருக்கின்றன. 'கார்ஸ்' அனிமேஷன் படம் பார்த்தவர்களுக்கு 'டாக் ஹட்சன்' என்ற வயதான நீலக் கார் ஞாபகம் இருக்கும். அது கற்பனை இல்லை. ஹட்சன் ஹார்னெட் என்ற நிஜ அமெரிக்கக் கார்தான் அதற்கு மாதிரி. ஏறக்குறைய 5 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இன்ஜின். 1951-ல் வந்தபோது 145 குதிரைத்திறன். அடுத்த ஆண்டு மாடலில் 'ட்வின்-ஹெச் பவர்' என்ற பெயரில் இரட்டை கார்ப்பரேட்டரை கம்பெனியே கொடுத்தது. 1952 நாஸ்கார் பந்தயங்களில் மொத்தம் 34-ல் 27 பந்தயங்களை ஹட்சன் கார்கள் ஜெயித்தன. எதிரே நின்ற கார்களில் பல எட்டு சிலிண்டர்.

இங்கிலாந்தில் 1948-ல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே.120 காருக்கும் 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், இரண்டு எஸ்.யு. கார்ப்பரேட்டர், 160 குதிரைத்திறன். 1953-ல் ஷெவர்லே ஒரு படி மேலே போய், முதல் கார்வெட் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மூன்று கார்ப்பரேட்டர் வைத்தது. கிடைத்தது 150 குதிரைத்திறன்.

ஆனால் ஒரு விஷயம். கார்வெட்டில் கார்ப்பரேட்டரை மட்டும் மாற்றவில்லை. கேம் ஷாஃப்ட், கம்ப்ரஷன், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். வெறும் கார்ப்பரேட்டரை மட்டும் மாற்றிவிட்டு அதே பவரை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இந்த இன்ஜின்கள் இந்தியாவுக்கு எப்படி வந்தன?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டும் ஆலையைத் தொடங்கிவிட்டது. 1929-ல் ஷெவர்லே ஆறு சிலிண்டருக்கு மாறியதும் அந்த இன்ஜின்கள் இங்கேயும் வந்தன. 1954-ல் அந்த நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் டாட்ஜ், பிளைமவுத் கார்களைப் பூட்டி விற்றது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைக் கொண்டுவந்தது.

கார்ப்பரேட்டர் தொழிலுக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. சென்னையின் கார்ப்பரேட்டர்ஸ் லிமிடெட் நிறுவனமும் ஜப்பானின் மிக்குனியும் சேர்ந்து 1985-ல் தொடங்கியதுதான் யூகால். மாருதி 800-க்குக் கார்ப்பரேட்டர் போனது அங்கிருந்துதான். பழைய கார்களை நேரில் பார்க்க ஆசைப்பட்டால், கோவையில் ஜி.டி. நாயுடு பெயரில் இயங்கும் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது.

எந்த அளவு கார்ப்பரேட்டர் வாங்கணும்?

பலர் சறுக்குவது இங்கேதான். "பெருசா ரெண்டு போடுவோம்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள்.

3.5 லிட்டர் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவும் நிரம்பும். எனவே ஒரு சுற்றுக்கு 1.75 லிட்டர். நிமிடத்துக்கு 3,500 சுற்று என்றால் 6,125 லிட்டர். பழைய இன்ஜின் முழுசாக மூச்சு வாங்காது. 80 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 4,900 லிட்டர் காற்று. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 2,450 லிட்டர்.

அதாவது ஒவ்வொரு கார்ப்பரேட்டரும் பாதி இன்ஜினுக்குத்தான் வேலை செய்கிறது. ஏற்கெனவே இருப்பதைவிடப் பெரியதாக இரண்டு போட்டால், கழுத்தில் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோலை இழுக்கிற சக்தியும் குறையும். விளைவு? ஹைவேயில் ஓகே. கொண்டை ஊசி வளைவில் செகண்ட் கியரில் மிதித்தால் இன்ஜின் 'குப்'பென்று அமுங்கும். மலைப்பாதை ஓட்டுபவர்களுக்கு அதுதான் முதல் எதிரி.

இரண்டும் ஒரே மாடல், ஒரே ஜெட், ஒரே மிதவை அளவு. இதில் சமரசமே கூடாது. பழைய மார்க்கெட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று வாங்கினால் சேராது.

பொருத்துவதற்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

- ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறதா?
- வால்வு கிளியரன்ஸ் சரியா?
- டிஸ்ட்ரிபியூட்டர், பாயின்ட், டைமிங் சரியா?
- கேஸ்கெட் எங்காவது காற்று இழுக்கிறதா?

இதில் ஒன்று தப்பாக இருந்தாலும், நாள் முழுக்கக் கார்ப்பரேட்டர் திருகைத் திருப்பினாலும் இன்ஜின் மிஸ்ஸிங் நிற்காது.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. 1937 முதல் 1952 வரை ஷெவர்லே கார்களில் வந்த 3.5 லிட்டர் இன்ஜினில், கனெக்டிங் ராடு பேரிங் இன்றைய கார்களில் உள்ள மாதிரி தனி ஷெல் கிடையாது. பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்தது. ராடு பேரிங்குகளுக்கு முழு அழுத்தத்தில் ஆயிலும் போகாது. அடியில் உள்ள கரண்டி மாதிரியான பகுதி ஆயிலை வாரிக்கொள்ளும். இந்த இன்ஜினை அதிக ஆர்.பி.எம்.-ல் ஓட்டினால் பேரிங் போய்விடும். கார்ப்பரேட்டர் கூடினால் கால் தானாக அழுந்தும் என்பதுதான் பிரச்சினை.

பொருத்தும்போது எங்கே ஆபத்து?

இந்த மாதிரி பல பழைய இன்ஜின்களில் காற்று உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கம் இருக்கும். கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. மேலே பெட்ரோல் ஒழுகினால் அதன் மீதுதான் சொட்டும். இரண்டு கார்ப்பரேட்டர் என்றால் ஒழுக வாய்ப்புள்ள இணைப்புகளும் இரட்டிப்பு. தீ விபத்துக்கு இதைவிடக் குறுக்கு வழி வேண்டாம்.

அதனால் மூன்று விஷயங்கள் கட்டாயம்.

ஒன்று, பெட்ரோல் ஹோஸ் புதுசாக, எத்தனால் தாங்கும் தரத்தில் இருக்கணும். கிளிப் இறுக்கமாக இருக்கணும்.

இரண்டு, பம்ப் அழுத்தம். பழைய கார்ப்பரேட்டர்களின் மிதவை ஊசி தாங்குவது சுமார் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. மட்டுமே. இன்றைய இன்ஜெக்ஷன் காரின் எலக்ட்ரிக் பம்பை மாட்டினால் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

மூன்று, ஆக்சிலேட்டர் இணைப்பு. இரண்டு கதவையும் ஒரே கம்பி திறக்கிறது. ஏதாவது ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வண்டி நிற்காது. ஒவ்வொரு கார்ப்பரேட்டருக்கும் தனித்தனி ரிட்டர்ன் ஸ்பிரிங் வையுங்கள். காரில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றும் வையுங்கள்.

ரெண்டையும் ஒத்துப்போக வைப்பது எப்படி?

உண்மையான வேலை இதுதான். இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒன்று இழுத்து, மற்றொன்று நடந்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். ஒத்துப்போகாத இரண்டு கார்ப்பரேட்டரைவிட நல்ல ஒரே கார்ப்பரேட்டர் எவ்வளவோ மேல்.

1. இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுசாகத் திறந்திருக்கணும்.

2. இரண்டையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனி.

3. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருப்பி, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி வையுங்கள். இதற்கென்று காற்று அளக்கும் மீட்டர் இருக்கிறது. கையில் இல்லையென்றால், ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையைக் கார்ப்பரேட்டர் வாயருகே பிடித்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வரணும். பழைய மெக்கானிக்குகள் நம்புவது இந்தக் காதைத்தான். தளர்வான உடை, துண்டு, முடி எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. அடுத்து மிக்ஸர் ஸ்க்ரூ. ஒன்றில் அரைத் திருப்பு என்றால் மற்றதிலும் அரைத் திருப்பு. இன்ஜின் எந்த இடத்தில் சீராக, கொஞ்சம் வேகமாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு மூன்றாவது படியை மறுபடி சரிபாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும்.

5. கம்பியை மாட்டுங்கள். மாட்டியதும் ஐடிலிங் மாறினால் கம்பி நீளம் தப்பு. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் இரண்டு கதவும் ஒரே நொடியில் அசையணும்.

6. 1,500 ஆர்.பி.எம்.-ல் வைத்து மறுபடி சத்தத்தை ஒப்பிடுங்கள். ஐடிலிங்கில் ஒத்துப்போய், ஓட்டத்தில் பிசகினால் பயன் இல்லை.

7. பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் ஜெயித்துவிட்டீர்கள். முதல் மூன்று கறுப்பு, கடைசி மூன்று வெள்ளை என்றால் மறுபடி முதலிலிருந்து.

மேகமலை ஏறினால் ட்யூனிங் ஏன் மாறுகிறது?

சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும்போது சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடுகிறோம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. அது காற்றின் எடையை அளப்பதில்லை, இழுப்பை மட்டுமே உணரும். அதனால் கலவை சுமார் 7 சதவீதம் ரிச் ஆகிவிடும். மலைமேல் பழைய கார் புகை தள்ளுவதற்கும், இழுவை குறைவதற்கும் இது ஒரு காரணம்.

இப்போது புதிதாக இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதற்குக் குறைந்த காற்றே போதும். சாதாரண பெட்ரோலுக்கு வைத்த பழைய ஜெட்டில் இ20 ஓடினால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் லீன் ஆகும்.

கணக்கைக் கவனித்தீர்களா? இ20 லீன் ஆக்குகிறது, உயரம் ரிச் ஆக்குகிறது. மேகமலை உச்சியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். "மலை மேல சூப்பரா ஓடுதே" என்று அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி, சமவெளி வெயிலில் லோடு ஏற்றி மிதித்தால் லீன் கலவையில் இன்ஜின் சூடேறும். எனவே ஜெட்டை முடிவுசெய்வது நீங்கள் அதிகம் ஓட்டும் சமவெளியில்தான். மாற்றினால் இரண்டு கார்ப்பரேட்டரிலும் சேர்த்தே மாற்றணும்.

எத்தனால் பழைய ரப்பர், கார்க் கேஸ்கெட்டையும் அரிக்கும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காராக இருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு பழைமையான வாகனங்களுக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' பிரிவில் வரும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும். கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். தினசரிப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

இதில் முக்கியமான நிபந்தனை: வாகனம் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இது தவிர, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு பாதுகாப்பான வழியும் இருக்கிறது. தலையை அறுக்காமல், துளை போடாமல், போல்ட் கழற்றினால் பழையபடி மாட்டக்கூடிய மேனிஃபோல்டை மட்டும் பயன்படுத்துங்கள். அசல் மேனிஃபோல்டு, அசல் கார்ப்பரேட்டர், அதன் ஒவ்வொரு நட்டையும் ஆயில் தடவி, துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். நாளைக்குப் பதிவுக்கோ விற்பனைக்கோ அந்தப் பெட்டிதான் காரின் மதிப்பைக் காப்பாற்றும்.

சரி, போடலாமா வேண்டாமா?

போடலாம்: இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, ஒரே ஜோடி கார்ப்பரேட்டர் கிடைத்து, அவ்வப்போது உட்கார்ந்து ட்யூன் செய்யப் பொறுமையும், நல்ல மெக்கானிக்கும் இருந்தால். சீரான ஓட்டம், நல்ல பிக்கப், ஒரு தனி இன்ஜின் சத்தம் கிடைக்கும்.

வேண்டாம்: இன்ஜின் ஏற்கெனவே புகை தள்ளினால், அல்லது மிஸ்ஸிங்கை மறைக்கத்தான் இந்த யோசனை என்றால். அந்தப் பணத்தில் பழைய கார்ப்பரேட்டரைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட், புது பிளக், சரியான டைமிங் வைத்தாலே பாதி இளமை திரும்பிவிடும்.

அசலாகவே வைத்து விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். தாத்தா ஓட்டியபோது எப்படி இருந்ததோ, அப்படியே ஸ்டார்ட் ஆவதுதான் அந்தக் காருக்கு அழகு.